ஒரு ரூபாய் மேசை

தான் மனிதப்பிறவிதான் என்று நிரூபிக்க எஸ்தர் புஷ்பத்துக்கு இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருந்தது. கையில் வந்திருந்த சீட்டோ ஓர் இரண்டும் ஓர் ஏழும். போக்கரில் இதைவிடக் கேவலமான ஜோடி கிடையாது.

"பந்தயத்துல ஒரு ரூபா ஏத்துதேன்" என்றாள்.

"அக்கா, உங்க கையில ஒண்ணுமே இல்ல. குரல்லயே தெரியுது" என்றான் பரக்கத்.

"தைரியம் இருந்தா வச்சுப் பாரு தம்பி."

"ஒரு ரூபாவுக்கு இன்னாத்துக்குத் தைரியம்? சீட்டை மடிச்சுட்டேன், இந்த ஆட்டம் எனக்கு வேணாம்."

பரக்கத் ஆம்பூரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டால் மறுபடி ஏற்ற நாலு மணியாகும். நடுவே காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து விளையாடுவான். கனகேஸ்வரி மலேசியாவில், கிள்ளானில், ஏசி பழுது பார்க்கிறவள்; அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' சேர்ப்பாள். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் அவளுக்கு அது வேலை முடிந்த நேரம். நாலாவது ஆள் நீலமேகம். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் "சும்மாதாங்க இருக்கேன்" என்பார். அதற்குமேல் யாரும் தோண்டியதில்லை. சும்மா இருக்கிறவனைத் தோண்டக் கூடாது என்பது அந்த மேசையில் ஒரு மரியாதை.

மூன்று வருடமாக, பிற்பகல் இரண்டிலிருந்து நாலுவரை, இந்த இணைய மேசையில் இந்த நாலு பேர்தான். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும். மாதம் முழுக்க விளையாடினாலும் ஜெயித்தவருக்கு ஒரு டீயும் வடையும் தேறினால் பெரிது. யாரும் அதற்காக வரவில்லை. பொய் சொல்லிப் பிடிபடுவதற்கும், பிடிபட்டுச் சிரிப்பதற்கும், பாட்டுக் கேட்பதற்கும் வந்தார்கள்.

பாட்டு எப்படி இதற்குள் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

போக்கர் பொய் சொல்லும் ஆட்டம். கையில் ஒன்றுமில்லாமல் எல்லாம் இருப்பதுபோலப் பந்தயத்தை ஏற்றி எதிராளியை ஓடவிடுவதில்தான் அதன் ருசி. இயந்திரங்கள் வந்து சலிக்காமல், நா குழறாமல் பொய் சொல்லி எல்லா மேசைகளையும் துடைத்தெடுத்தன. மனிதர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆட்டம் நடத்தும் நிறுவனங்கள் படம் காட்டிப் பார்த்தன, புதிர் போட்டுப் பார்த்தன, கண்ணைச் சிமிட்டச் சொல்லிப் பார்த்தன. எல்லாவற்றையும் இயந்திரம் செய்து காட்டியது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் இயந்திரத்துக்குத் தோல் கிடையாது என்பதைக் கவனித்தான்.

அப்படி வந்ததுதான் சிலிர்ப்புப் பட்டை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாட்டிக்கொள்ளும் ஒரு துணி உறை. உனக்குப் பிடித்த ஆல்பத்தைப் போட்டுக் காதில் கேட்டுக்கொண்டே ஆட வேண்டும். அரைமணிக்கு ஒரு முறையாவது உன் கையில் மயிர்க்கூச்செறிய வேண்டும். சிலிர்த்தால் திரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. சிலிர்க்காவிட்டால் சிவப்பு. நடுவில் எழுந்து ஓடினாலும் சிவப்பு. ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் 'ஐயத்துக்குரியது' என்று பொதுப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும்.

சீட்டாட்டத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. நல்ல கருவி ஒன்று கிடைத்தால் ஊர் சும்மா விடுமா? வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பார்த்தார்கள். எஸ்தர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண், புருஷன் செத்து ஆறு மாதம் எந்தப் பாட்டுக்கும் சிலிர்க்காமல் கிடந்து, இயந்திரம் என்று பதிவாகி, அழித்துத் தரச் சொல்லி அலுவலகத்து வாசலில் வரிசையில் நின்றாள். வரிசையை ஒழுங்குபடுத்தியது ஓர் இயந்திரம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சிலிர்ப்பு தேய்ந்துபோகும். ஆகவே ஜனங்கள் தங்களுக்கு உயிரான ஆல்பங்களைக் கேட்காமல் சேமிக்க ஆரம்பித்தார்கள். கல்யாண வீட்டில் நல்ல பாட்டு ஒன்று போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற உறவினர்களை எஸ்தரே பார்த்திருக்கிறாள்.

அவளிடம் பதினொரு ஆல்பம் இருந்தது. இந்த ஒரு வருடத்தில் பத்து தீர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் செத்தபோது அவள் அழவில்லை. எரிச்சல்பட்டாள். இந்த மாதம் இரண்டு சிவப்பு விழுந்தபோதுதான் பயந்தாள்.

பயத்துக்குக் காரணம் வேலை. 'மனிதக் குரல்' என்ற கம்பெனியில் அவள் தொலைபேசியில் பேசுகிறாள். எதிர்முனையில் இருப்பது நிஜ மனுஷிதான் என்ற உத்தரவாதத்துக்காகவே காசு கொடுத்து அழைக்கிறவர்கள் இருந்தார்கள். தண்ணீர் வரிக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்பார்கள். குழம்பில் உப்பு கூடிப்போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பதிவேட்டில் பெயர் ஏறிய மறுநிமிடம் அந்த வேலை போய்விடும். அதிகாரி ஜெயசீலன் சார் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மேடம், மாசம் முடிய இன்னிக்கு ஒருநாள்தான். கடைசி நாள்ல ஒரு பச்சை வாங்குனா ரெண்டு செவப்பும் அழிஞ்சிரும். வாங்கலன்னாலும், ஆடாம விட்டாலும் மூணாவது செவப்புதான்; அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

எனவே மற்றவர்களை ஒரு மணி நேரம் காக்கவைத்து, மூன்று மணிக்குத்தான் உட்கார்ந்த எஸ்தர் இன்று தன் பதினொன்றாவது ஆல்பத்தைக் காதில் போட்டிருந்தாள்.

அதன் பெயர் 'மதிய வெயில்'. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஐந்து பேர் சேர்ந்து, ஒரே ஒரு ஆல்பம் போட்டு, அதோடு சண்டையில் பிரிந்துபோன கோஷ்டி. ஒன்பது பாட்டு. ஏழு மாதமாக அவள் அதைத் தொடவில்லை. மேசையில் ஆளுக்கு ஒரு ஆல்பத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். இதுதான் அவள் பூட்டியது.

பூட்டு எதற்கு என்றால், இந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டை மடித்துப் போட்டவர், அந்தக் கை, அதாவது அந்தச் சுற்று, முடியும்வரை இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரின் பாட்டை ஒட்டுக்கேட்கலாம். நிறுவனம் விளம்பரத்துக்காக வைத்த வசதி. இவர்கள் அதைக் கெடுத்து வைத்திருந்தார்கள். நல்ல சீட்டு வந்தாலும், "கனகா என்ன கேக்கா இன்னிக்கு?" என்று மடித்துவிட்டுக் காதைத் தீட்டுவார்கள். ஒரு முறை பரக்கத் நாலு ராஜாவை மடித்துவிட்டு ஒரு நாகஸ்வரத்தைக் கேட்டான். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

"யக்கா, பூட்டுன ஆல்பமா?" என்றாள் கனகேஸ்வரி. "உங்க பக்கம் ஒண்ணும் கேக்கல லா."

"ஆமாட்டி. சும்மா ஆடு."

மூன்றாவது பாட்டு தொடங்கியது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பாட்டில் ட்ரம் தொடங்கி எட்டுத் தட்டுக்குப் பிறகு வர வேண்டிய பேஸ் கிட்டார் வராது. ஆள் அசந்துவிட்டான். பதிமூன்றாவது தட்டில் அவசர அவசரமாக உள்ளே விழுவான். அவர்கள் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த நாலு தட்டுக் காலி இடத்துக்காகத்தான் எஸ்தர் இந்த ஆல்பத்தைப் பூட்டி வைத்திருந்தாள்.

பேஸ் விழுந்தது.

கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரியவில்லை.

பதினொன்றும் போயிற்று என்று நினைத்தாள். பயத்தைப் பட்டை கணக்கில் எடுக்காது.

"யக்கா."

தங்கை ரூபி வாசலில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி ட்யூட்டி முடித்து வந்தவள். நர்ஸ் உடுப்பு மாற்றவில்லை. கையில் முந்திரி மக்ரூன் இனிப்புப் பொட்டலம். ரூபிக்குப் பாட்டு என்றாலே ஆகாது. எந்தப் பாட்டைப் போட்டாலும் "எப்ப முடியும்?" என்று கேட்பாள்.

"போடி அந்தால. எனக்கு வேலை போகப்போவுது."

"போவட்டும். ஒன் எடது கையப் பாரு."

"என்னது?"

"எடது கை, எடது கை! ரோமமெல்லாம் குத்திட்டு நிக்கி. தோலுரிச்ச கோழி கணக்கா இருக்கு."

எஸ்தர் பார்த்தாள். மூன்று வருடமாகப் பட்டை மாட்டிய வலது கைக்கு உரிய விளக்கைத்தான் அவள் பார்த்துவந்தாள். இடது கை ஒன்று தனக்கு இருப்பதையே ஆட்ட நேரத்தில் மறந்துவிடுவாள். அந்தக் கையில் முழங்கையிலிருந்து விரல்வரை ஒவ்வொரு ரோமமும் நின்றுகொண்டிருந்தது.

"அப்ப பட்டை கெட்டுப்போச்சு" என்றாள்.

"பட்டை கெடல." ரூபி ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள். "ஒனக்கு முடி நின்ன அதே செகண்டுல இங்கன ஒரு பச்சை எரிஞ்சுது. நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். ஒம் பேருக்கு எரியல. இந்தா, இவருக்கு."

விரலை நீலமேகத்தின் பெயர்மேல் வைத்தாள்.

மேசையில் எல்லாருக்கும் இது கேட்டது. ஒலிவாங்கி திறந்திருந்ததை எஸ்தர் மறந்திருந்தாள். ஆம்பூர் பஸ்ஸில் எங்கோ ஒரு ஜன்னல் கடகடவென்று ஆடும் சத்தம் மட்டும் வந்தது.

"நீலமேகம்," என்றாள் எஸ்தர், "எம்மேல வர்ற சிலிர்ப்பு ஒமக்கா வருது?"

"ஆமாங்க" என்றார் நீலமேகம்.

"எப்படி?"

"நான் ஆள் இல்லீங்க. காலி நாற்காலியை நிரப்ப, ஆட்டம் நடத்துறவங்களே வச்ச இயந்திரம். நாலு பேர் இல்லாம மேசை ஓடாது. ஆளுங்க கம்மி. அதனால நாலாவதா என்னைப் போட்டாங்க."

"அலமாக்!" என்று மலாயில் அதிர்ந்தாள் கனகேஸ்வரி.

பரக்கத்துக்குக் கோபம் வந்தது. "யோவ், மூணு வருஷமா எங்களை ஏமாத்திக்கினு இருந்தியா?"

"இல்லீங்க. கேட்டா உண்மையைச் சொல்லணும்னு எனக்குச் சட்டம் இருக்கு. நீங்க யாரும் கேக்கல. 'எந்த ஊரு'ன்னு கேட்டீங்க. 'இங்கதான்'னு சொன்னேன். 'சாப்டாச்சா'ன்னு தெனமும் கேட்டீங்க. 'இனிமேதான்'னு சொன்னேன். அதுல பொய் இல்ல."

ரூபி மக்ரூன் புரையேறி இருமினாள். அவளுக்கு இது பிடித்துப்போய்விட்டது.

"எங்கிட்ட ஏன் எடுத்தீரு?" என்றாள் எஸ்தர். "பரக்கத் இருக்கான், கனகா இருக்கா."

"நான் எடுக்கலீங்க, எனக்கு வருது. என் பேருக்குப் பக்கத்துலயும் பச்சை எரியணுமே. என்கிட்ட தோல் இல்ல. அதனால அரைமணிக்கு ஒருதரம், மேசையில யாருக்கு வழக்கமா அதிகமா சிலிர்க்குதோ அவங்களோட மொத சிலிர்ப்பை எம் பேர்ல எழுதிக்கிற மாதிரி வச்சிருக்காங்க. அதிகமா வர்றவங்களுக்கு ஒண்ணு கொறைஞ்சா தெரியாதுன்னு கணக்கு. உங்களுக்கு முன்னெல்லாம் அரைமணிக்கு நாலஞ்சு வரும். ஒண்ணு போனாலும் பச்சை எரிஞ்சுது. இப்பக் கொஞ்ச நாளா சில அரைமணியில ஒண்ணுதான் வருது. அந்த ஒண்ணும் எனக்கு வந்துருது."

எஸ்தர் இதை மெல்லத் தலைக்குள் ஏற்றினாள். மேசையில் எல்லாரையும்விட அதிகமாகச் சிலிர்க்கிறவள் என்பதால் அவளுக்குச் சிலிர்ப்பே இல்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. பத்து ஆல்பங்களை அவள் அடக்கம் செய்து முடித்திருந்தாள். ஒன்றும் சாகவில்லை. கொஞ்சம் களைத்திருந்தன, அவ்வளவுதான்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மாறாகச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "செத்துப்போச்சுன்னுல்லா நெனச்சேன்!" என்று மேசையில் கையை அடித்துச் சிரித்தாள்.

"சிரிச்சது போதும்" என்றாள் ரூபி. "மணி மூணே கால். மூணரைக்குள்ள ஒனக்கு இன்னொரு தடவ முடி நிக்கணும். இல்லன்னா நாளைக்கு நீ மனுஷி இல்ல. தெரியுதா?"

அதுதான் விஷயம். முதல் சிலிர்ப்பு நீலமேகத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது வந்தால் அது எஸ்தருக்கு. ஆனால் ஒரே அரைமணியில் இரண்டாவது என்று ஒன்று வருவது அவளுக்கு இந்த மாதத்தில் அபூர்வமாகிவிட்டது.

"திருப்பி அதே பாட்டைப் போடுங்க லா" என்றாள் கனகேஸ்வரி.

போட்டாள். நாலு தட்டுக் காலி இடம் வந்தது, பேஸ் விழுந்தது. ரூபி இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். வழுவழுவென்று கிடந்தது.

"என் பச்சையைத் திருப்பித் தர வழி இருந்தா தந்துருவேங்க" என்றார் நீலமேகம். "வழி வைக்கல."

"நீ சும்மா கெட" என்றான் பரக்கத். பிறகு ஒரு நிமிடம் யோசித்து, "இல்ல, கெடக்காத. நீ எல்லாத்தையும் பாத்துக்கினே தானே இருக்கே. எங்களுக்கெல்லாம் எப்போ அதிகமா வருது? அதைச் சொல்லு."

"ஒட்டுக்கேக்கும்போது" என்றார் நீலமேகம் உடனே. "சொந்தப் பாட்டுல வர்றதைவிட, மடிச்சுட்டு அடுத்தவங்க பாட்டைக் கேக்கும்போது உங்களுக்கு அதிகம். கனகேஸ்வரி அம்மாவுக்கும் அப்படித்தான். எஸ்தர் அம்மாவுக்கு வேற மாதிரி. அவங்க பாட்டை நீங்க ரெண்டு பேரும் கேக்கும்போது அவங்களுக்கு அதிகம். பூட்டு போடாத ஆல்பமா இருந்தா."

"பூட்டைத் தொறங்கக்கா" என்றாள் கனகேஸ்வரி.

எஸ்தருக்கு மனசு வரவில்லை. அடுத்தவர் காது பட்டால் தேயும் என்று அவள் நம்பியிருந்தாள். தவிர, அந்த நாலு தட்டைக் கேட்டுவிட்டு யாராவது "இதுக்கா?" என்று சொல்லிவிட்டால்? வேலை போனால் வேறு வேலை தேடலாம். 'மதிய வெயிலை' யாராவது நொட்டை சொன்னால் அப்புறம் அந்த ஆளோடு விளையாட முடியாது.

"மூணு பத்தொம்பது" என்றாள் ரூபி.

எஸ்தர் பூட்டைத் திறந்து, பாட்டை அறை முழுக்கக் கேட்கும்படி விட்டாள்.

ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் மடிக்க வேண்டும். சீட்டு விழுந்தது. பரக்கத் பார்க்காமலே மடித்தான். கனகேஸ்வரி மடித்தாள். நீலமேகம் வழக்கம்போல் ஒரு கணம் கணக்குப் போட்டு, "மடிச்சாச்சுங்க" என்றார். மூன்று பேரும் மடித்தால் கை உடனே முடிந்துவிடும். பாட்டு அறுந்துவிடும். எஸ்தர் சீட்டைக் காட்டாமல், பந்தயத்தை எடுக்காமல், அப்படியே வைத்திருந்தாள். மேசை அவளுக்கு ஒரு நிமிடம் அவகாசம் கொடுத்தது. அது தீர்ந்ததும் கிடந்த ஒரு ரூபாயை அவள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த சீட்டைப் போட்டது. மறுபடி மூன்று பேரும் மடித்தார்கள். மறுபடி ஒரு நிமிடம். இப்படித் துண்டு துண்டாக, கைக்கு ஒரு நிமிடமாக, மூன்றாவது பாட்டு போனது.

"ஏக்கா, நல்லாத்தானே கீது. இதை எதுக்குப் பூட்டி..."

"பேசாத தம்பி. இப்ப வரும்."

ட்ரம் தொடங்கியது. எட்டுத் தட்டு. காலி.

"ஐயோ, ஆளைக் காணோம்!" என்று கத்தினான் பரக்கத். "யோவ், எங்கய்யா போயிட்டே? வாய்யா! வா..."

பதிமூன்றாவது தட்டில் பேஸ் விழுந்தது.

"வந்துட்டான்!" பரக்கத் பஸ்ஸுக்குள் எழுந்து நின்றிருக்க வேண்டும். எதிலோ தலை இடிக்கும் சத்தம் கேட்டது. "வந்துட்டான்டா என் சிங்கம்! தலை... அக்கா, தலையில அடிச்சுக்கினேன், பரவால்ல, இன்னொரு தபா போடுங்க!"

கனகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில், "எனக்கும் இப்படித்தான் லா. எப்பவும் எங்க போனாலும் லேட்டு. ஓடி வந்து நுழையற மாதிரியே இருக்கு!" என்றாள்.

"ட்ரம்காரர் தப்பு பண்ணலீங்க" என்றார் நீலமேகம், யாரும் கேட்காமலே. "பேஸ்காரர் வரலன்னு தெரிஞ்சதும் ஒரு மயிரிழை மெதுவாக்கியிருக்காரு. வரட்டும்னு காத்திருக்காரு. கேட்டுப் பாருங்க."

எஸ்தர் இதை இருநூறு முறை கேட்டிருக்கிறாள். இதைக் கவனித்ததே இல்லை. அடுத்த கையில் மறுபடி போட்டாள். உண்மைதான். ஒன்பதாம் தட்டிலிருந்து ட்ரம் மிகக் கொஞ்சமாக, சண்டைக்காரர்களுக்குள் யாரும் ஒத்துக்கொள்ளாத அளவுக்குக் கொஞ்சமாக, தயங்கியது. வந்து சேர இடம் விட்டு நின்றது.

"நிக்கி!" என்றாள் ரூபி. "யக்கா, நிக்கி! கழுத்து வரைக்கும் நிக்கி!"

எஸ்தர் புஷ்பம் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தது. மணி மூன்று இருபத்தாறு. இரண்டு சிவப்பும் திரையிலிருந்து அழிந்தன. பரக்கத் ஹாரனை அழுத்திப் பள்ளிக்கூடத்தையே எழுப்பினான். வாட்ச்மேன் வந்து திட்டுவது கேட்டது. அவரிடம் பரக்கத் "அக்கா மனுஷிண்ணா, அக்கா மனுஷி!" என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

எஸ்தர் தன் பக்கம் குவிந்ததைப் பார்த்தாள். ஏழு ரூபாய். ஏழு கையும் எதிரிகளே இல்லாமல் ஜெயித்தது. போக்கரில் இதைவிடக் கேவலமான வெற்றியும் கிடையாது.

ரூபி இன்னும் ஒரு மக்ரூனை எடுத்து, "அந்தப் பாட்டு எப்ப முடியும்?" என்று கேட்டாள். முடியவேண்டாம் என்பதுபோல் இருந்தது கேட்ட விதம்.

நாலு மணிக்குப் பரக்கத் பிள்ளைகளை ஏற்றப் போகுமுன் நீலமேகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"புகார் குடுத்தா இவரை எடுத்துருவாங்க" என்றாள் கனகேஸ்வரி. "மூணு பேரானா மேசையை மூடிருவாங்க லா. என்ன செய்யறது?"

"குடுத்துத்தான் ஆவணும்" என்றாள் எஸ்தர். "வேற மேசையில எத்தனை பேரு இப்படி அநியாயமா ஏட்டுல ஏறிக் கெடக்காகளோ. ரெண்டு தெரு தள்ளி ஒருத்தி நிக்கா வரிசையில."

"குடுங்க" என்றார் நீலமேகம். "நான் சாட்சி சொல்றேன். கேட்டா உண்மையைச் சொல்லணும்னு சட்டம் இருக்கு. இந்தத் தடவை யாராவது கேக்கட்டும்."

கொடுத்தார்கள். பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் புகார் நூறு சதவீதம் மனிதரால் பரிசீலிக்கப்பட்டுத் தள்ளுபடி செய்யப்பட்டது.' கீழே கையெழுத்தும், கையெழுத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கும் இருந்தன. எஸ்தர் அதை அச்செடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு, அடுத்த மேல்முறையீட்டுக்கு எழுதிப் போட்டாள். அது நடந்துகொண்டிருக்கிறது. இந்த மாதிரி விஷயங்கள் நடந்துகொண்டேதான் இருக்கும்.

மேசையில் மட்டும் ஏற்பாடு மாறியது. பூட்டு என்பதே கிடையாது என்றாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒருவர் தன் ஆல்பத்தைத் திறப்பார், மற்றவர்கள் மடிப்பார்கள். கனகேஸ்வரியின் பூட்டிய ஆல்பம் யாரோ ஒரு பேருந்து நடத்துநர் பாடிய தாலாட்டு. பரக்கத்தினுடையது குதிரை வண்டித் தாளத்தில் போகும் கவ்வாலிப் பாட்டு. அதைக் கேட்டு எஸ்தருக்கு அரைமணியில் ஆறு முறை சிலிர்த்தது. நாலு பேருக்கும் போக மிச்சம் இருந்தது. தீர்ந்துபோன பத்து ஆல்பமும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ரூபி ட்யூட்டி மாற்றிக்கொண்டு பிற்பகலில் வீட்டில் இருக்க ஆரம்பித்தாள். காரணம் கேட்டால் வெயில் என்றாள்.

மறுமாதம் ஜெயசீலன் சார் எஸ்தரைக் கூப்பிட்டார். சிவப்பு விஷயமோ என்று பட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

"ஒண்ணுமில்ல மேடம், உக்காருங்க. நம்ம கம்பெனிக்கு ஆள் எடுக்கறோம். பதிவேட்டுல தேடுனோம். ஒருத்தர் பேரு வந்துச்சு, நான் பாத்து அசந்துட்டேன். மூணு வருஷத்துல ஒரு செவப்பு இல்ல. ஒரே ஒரு செவப்பு கூட! நம்ம ஆபீஸ்ல யாருக்குமே இப்படி இல்ல, எனக்கே நாலு இருக்கு. இவ்வளவு சுத்தமான மனுஷன் இந்தக் காலத்துல எங்க கெடைக்கும்? மூணு தடவ வேலைக்கு ஆர்டர் அனுப்பிட்டோம். பதிலே இல்ல. உங்க மேசையிலதான் ஆடறாராமே. பேரு நீலமேகம்."

எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும் சார்."

"ஆள் எப்படி?"

"நல்லவரு சார். பொறுமையாக் கேப்பாரு. கேட்டதுக்கு உண்மையச் சொல்லுவாரு."

"அதுதான் நமக்கு வேணும்! நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"சொல்லுதேன் சார்."

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சீட்டு விழுந்ததும் எஸ்தர் விஷயத்தைச் சொன்னாள். பரக்கத் சிரித்துச் சிரித்து இருமினான். கனகேஸ்வரி, "போங்கண்ணே, போய் சேருங்க லா, யார் கேக்கப் போறா?" என்றாள்.

நீலமேகம் ஒரு கணம் கணக்குப் போட்டார்.

"அங்க வேலை நேரத்துல பாட்டு கேக்க விடுவாங்களா?"

"விடமாட்டாக. பேசிக்கிட்டேதான் இருக்கணும்."

"அப்ப வேண்டாங்க" என்றார் நீலமேகம். "நீங்க ஏத்துறீங்களா, மடிக்கிறீங்களா?"